வெந்நீரூற்றும் ஒரு நகரின் வரலாறும்

திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் சில மைல் சென்றாற் கன்னியா என்னும் இடத்தை அடையலாம். அங்கே அருகருகே ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. ஆழம் மிகுதியில்லை, ஆயினும் கிணற்றுக்குக் கிணறு நீரின் வெப்பம் சிறிது வேறுபடும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றும்பொருட்டுத் தோன்றியவை இவை என்பது கன்னபரம்பரைக் கதை. அக்காரணம் பற்றியே இறந்தோர்க்கு அந்தியேட்டி செய்வோர் தலைமுறை தலைமுறையாக அவ்விடம் நாடி வந்தனர். நோயுற்றோரும் வந்தனர்.

சில ஆண்டுகளின் முன் எமது பாடசாலைப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதியவர் ஒருவர் வாளியால் நீரை அள்ளி அள்ளித் தம் முழங்கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட மாணவியொருத்தி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். "ஐயா, கீழே அடுப்பு எரிகிறதா?" என்பது முதலாவது. "இந்தத் தண்ணீர் அந்த அப்புவின் கால்வருத்தத்தை மாற்றுமா?" என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு ஒருவாறு விடை சொன்னேன். இரண்டாவதற்கு, "அது அவருடைய நம்பிக்கை, பிள்ளை" என்று கூறி அப்பால் நடந்துவிட்டேன். வீடு திரும்பிய பின்னர் அவ்விடை என் மனத்தை உறுத்தியது. கேட்டவள் அறிய விரும்பிக் கேட்டாள். நானோ தப்பிக்க விரும்பிச் சொன்னேன். அன்று சொல்லாது விட்ட விடையையே இன்று நேயர்கள் முன்னிலையிற் சொல்ல முயல்கின்றேன்.

இதற்கு ஏற்றதோர் உதாரணம் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள பாத் என்னும் நகரம். 'நீராடுமிடம்' என்பதே அப்பெயரின் பொருள். வெந்நீரூற்றுகள் உலகெங்கும் உள்ளன. எனினும், ஓர் ஊற்றை நாடி வந்தோர் யார், அவர் என்ன நோயுடன் வந்தனர், எவ்வாறு திரும்பினர் என்பவற்றை நெடுங்காலம் எழுதிவைத்த ஊர்கள் சிலவே. அவற்றுள் முன்நிற்பது பாத்.

அந்நகரில் மூன்று வெந்நீரூற்றுகள் உள. அவற்றுட் பெரியதிலிருந்து நாளொன்றுக்குப் பதினொரு இலட்சம் இலீற்றருக்கு மேற்பட்ட நீர் ஏறக்குறைய 46 பாகை சதமவளவை வெப்பத்தோடு பொங்கி வருகின்றது. அங்கே எரிமலை எதுவும் இல்லை. அயலிலுள்ள மெண்டிப் குன்றுகளிற் பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறைகளின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தின்கீழ் இரண்டரைக் கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்தை அடைகின்றது. பூமியின் உட்புறம் ஆழஞ் செல்லச் செல்ல வெப்பமுடையது. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை உயரும். அங்குச் சூடேறிய நீர் அமுக்கத்தால் உந்தப்பட்டுப் பாறைப் பிளவொன்றின் வழியே மேலெழுகின்றது. வரும் வழியிலே சுண்ணாம்பு, இரும்பு முதலிய கனிப்பொருள்களைக் கரைத்துக்கொள்கின்றது. இன்று குமிழியிட்டு வரும் நீர் பல்லாயிரம் ஆண்டுகளின்முன் பெய்த மழையாகும். எரிமலையில்லாத எமது நாட்டின் வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஆழத்திற் புதைந்த இவ்வெப்பமே காரணம். ஆகவே கீழே அடுப்பில்லை, பூமியே அடுப்பு.

இவ்வறிவு பிற்காலத்தது. முற்காலத்தோர் கதையாற் காரணம் கூறினர். பிளாடட் என்னும் இளவரசன் தொழுநோயால் அரண்மனையினின்று நீக்கப்பட்டான் என்றும், பன்றி மேய்த்துத் திரிந்தவன் தன் பன்றிகள் சூடான சேற்றிற் புரண்டு தோல்நோய் நீங்கியமை கண்டு தானும் அதில் இறங்கிக் குணமடைந்தான் என்றும், பின்னர் அரசனாகி அவ்விடத்தே நகரம் அமைத்தான் என்றும் சொல்வர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மொன்மத்து ஊர் ஜெபிரி என்பார் பிளாடட்டை நகரின் தாபகனாக எழுதிவைத்தார். பன்றிக் கதை பின்னோர் சேர்த்தது. கன்னியாவின் கதை இலங்கையரசனைப் பற்றியது. பாத்தின் கதை பிரித்தானிய அரசனைப் பற்றியது. விளங்காத பொருளைக் கண்டவிடத்து அதனோடு ஓர் அரசனையும் ஒரு துயரையும் இணைத்துப் பார்ப்பது மனித இயல்பு போலும்.

வரலாறு தெளிவாகத் தொடங்குவது உரோமருடனேயே. கி.பி. 43 இல் உரோமர் பிரித்தானியாவின்மேற் படையெடுத்தனர். அங்கு வாழ்ந்த மக்கள் இவ்வூற்றைச் சூலிசு என்னும் பெண்தெய்வத்தின் உறைவிடமாக வழிபட்டு வந்தனர். வென்றவர் அத்தெய்வத்தை அகற்றினாரல்லர். தம் மினேர்வாத் தேவியோடு இணைத்துச் சூலிசு மினேர்வா எனப் பெயரிட்டனர். முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோயிலும் குளிப்பிடமும் எழுந்தன. நடுவேயிருந்த பெருங்குளத்தின் தளத்திற்கு ஈயத் தகடுகளை விரித்தனர். அத்தகடுகள் இன்றும் நீரைத் தாங்கி நிற்கின்றன.

அவ்வூற்றின் அடியில் அகழ்ந்தெடுத்த பொருள்கள் நம் உள்ளத்தைத் தொடுவன. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன. நேர்த்தியாக இட்டவை அவை. ஏறத்தாழ நூற்றுமுப்பது சிறு உலோகத் தகடுகளும் கிடைத்தன. அவற்றிற் கீறப்பட்டிருந்தவை சாபங்கள். குளிக்கச் சென்றபோது மேலாடையைக் களவு கொடுத்தவர், பணத்தை இழந்தவர் முதலியோர் தேவியிடம் முறையிட்டிருக்கின்றனர். இரு கையுறைகளை இழந்த ஒருவன், திருடியவன் அறிவையும் கண்களையும் இழக்கவேண்டும் என வேண்டியிருக்கின்றான். கோயில் வாசலிற் காசு வெட்டிப்போட்டுக் கள்வனைச் சபிக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று. இரண்டு கையுறைகளுக்காகத் தெய்வத்தை அழைத்தவன் செல்வனாய் இருந்திரான். ஆகவே, பளிங்கும் சிற்பமும் அமைத்த அக்குளிப்பிடத்தே எளியோரும் வந்து போயினர் என்பது தெளிவாகின்றது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமர் ஆட்சி பிரித்தானியாவில் முடிவுற்றது. கூரைகள் வீழ்ந்தன, சேறு மூடிற்று, மேலே வேறோர் ஊர் எழுந்தது. பெருங்குளம் மண்ணின்கீழ் மறைந்து கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் மீண்டும் வெளிப்பட்டது. ஆனால் ஊற்று ஒருநாளும் ஓய்ந்ததில்லை. மத்திய காலத்தில் ஆயரும் துறவிகளும் அதனைப் பரிபாலித்தனர். அரசன் குளம், சிலுவைக் குளம், வெந்நீர்க் குளம் எனப் பல குளங்கள் அமைந்தன. தொழுநோயாளருக்கெனத் தனியே ஒரு சிறு குளமும் இருந்தது. நிலத்தடியிற் பேதமின்றிப் பிறந்த நீர் மேலே வந்ததும் தரம் பிரிக்கப்பட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் என்றி மன்னன் மடங்களைக் கலைத்தபோது குளங்கள் துறவிகளின் கையினின்றும் நீங்கின. 1562 இல் வில்லியம் டேணர் என்னும் வைத்தியர் வெந்நீர்க் குளங்களின் குணங்களை விரித்து நூலொன்று எழுதினார். அதன்பின் நோயாளர் பெருகினர். அவருள் வறியோரும் பெருகினர். 1572 இல் இயற்றிய சட்டமொன்று, நோயுற்ற வறியோர் இரு நீதவான்களின் அனுமதிச் சீட்டின்றிப் பாத்துக்கோ பக்ஸ்ரனுக்கோ செல்லலாகாது என விதித்தது. செல்வனுக்கு வழி திறந்திருந்தது. ஏழை தன் நோவுக்கும் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. 1590 இல் முதலாம் எலிசபெத்து அரசி அளித்த பட்டயத்தால் ஊற்றுகளின் பொறுப்பு நகரசபையிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அக்குளங்களின் நிலையை நாம் மிகைபட எண்ணலாகாது. 1668 இல் அங்கு நீராடிய சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை உத்தியோகத்தர், இத்துணைபேர் ஒரே நீரில் இறங்கினால் அது தூய்மையாய் இருத்தல் எங்ஙனம் என்று தம் நாட்குறிப்பில் ஐயுற்றார். அவ்வையம் எத்துணை நியாயமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அரசியலையும் இந்நீர் ஒருமுறை தொட்டது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னனின் பட்டத்தரசி மொடேனா நாட்டு மேரிக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. 1687 இல் அவள் பாத்துக்குச் சென்று சிலுவைக் குளத்தில் நீராடினாள். 1688 யூன் மாதத்தில் ஆண்மகவொன்றைப் பெற்றாள். கத்தோலிக்க மன்னனுக்குக் கத்தோலிக்க வாரிசு பிறந்தமை நாட்டின் தலைவர் பலரை அச்சுறுத்தியது. குழந்தை அரசியினதன்று, படுக்கை சூடாக்கும் சட்டியில் வைத்து அறைக்குள் கொணரப்பட்டது என்ற வதந்தியும் பரவியது. அவ்வாண்டிலேயே ஒறேஞ்சு இளவரசர் வில்லியம் அழைக்கப்பட்டார். ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினான். அரசியின் பிள்ளைப்பேற்றுக்கு நீர்தான் காரணமென்று நாம் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் பலர் அவ்வாறே நம்பினர். குளத்தின் நடுவே நன்றிக்கறிகுறியாக ஓர் அலங்காரத் தூணும் எழுந்தது.

1702 இலும் 1703 இலும் ஆன் அரசி வந்து சென்றபின் பாத் நாகரிகத்தின் இருப்பிடமாயிற்று. 1705 அளவில் றிச்சாட் நாஷ் என்பவர் அங்கு வந்தார். சூதாடுவதே அவர் தொழில். எனினும் நகரின் வைபவத் தலைவராகி, வாளேந்தி நடத்தலைத் தடுத்து, உடையையும் நடனத்தையும் சந்திப்பையும் விதிகளால் ஒழுங்குபடுத்தினார். குடியானவ நிலக்கிழானும் பிரபுவும் ஒரே மண்டபத்திற் பழகக் கற்றது அவராலேயே. காலையிற் குளிப்பு, பின் நீரருந்து மண்டபத்தில் வெந்நீர்க் கிண்ணங்கள், மாலையில் நடனம், இரவிற் சூது என்று நாள் கழிந்தது. ரால்ப் அலன் தம் கற்குழிகளிலிருந்து பொன்னிறக் கல்லை அளித்தார். யோன் வூட் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் அக்கல்லால் நகரைக் கட்டினர். 1767 இல் தொடங்கி 1774 இல் நிறைவேறிய அரச பிறைவடிவ மாளிகை வரிசையில் முப்பது இல்லங்கள் ஒரே வளைவில் நிற்கின்றன. நூற்றாண்டின் தொடக்கத்திற் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் 1801 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறத்தாழ 33,000 பேர் வாழும் நகராயிருந்தது.

வந்தவர் எல்லாரும் நோயாளர் அல்லர். மணமகனைத் தேடும் தாய்மாரும், கடன்காரரைத் தவிர்க்கும் கனவான்களும் வந்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பாற் செல்வம் குவித்தோர் வந்தனர். இந்தியாவிற் பெரும்பொருள் ஈட்டிய ரொபேட் கிளைவும் நலம் நாடி வந்தவரே. 1801 முதல் 1806 வரை அங்கு வாழ்ந்த ஜேன் ஒஸ்ரின் அம்மையார் இக்கூட்டத்தை உற்றுநோக்கித் தம் நாவல்களிற் சித்திரித்தார். நாஷ் மாத்திரம் தாம் வளர்த்த நகரிலேயே வறியவராகி, 1761 இல் 86 வயதில் இறந்தார். நகரம் அவரைச் சிறப்போடு அடக்கஞ் செய்தது.

இனி என் மாணவியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். அதற்கு விடை நடன மண்டபத்தில் இல்லை. அதே காலத்தில் எழுந்த ஒரு வைத்தியசாலையில் உண்டு. வறிய நோயாளர் தெருக்களில் இரந்து திரிவதைக் கண்ட நாஷ், அலன், மூத்த யோன் வூட், வில்லியம் ஒலிவர் என்னும் வைத்தியர் முதலானோர் முயன்று ஒரு தரும வைத்தியசாலையை நிறுவினர். 1738 இல் அடிக்கல் நாட்டி 1742 இல் அது திறக்கப்பட்டது. பணம் திரட்டியவர் நாஷ், கல் அளித்தவர் அலன், வரைபடம் வூட்டினது. நாட்டின் எப்பகுதியிலுமிருந்தும் வறியோர் வரலாம். ஆனால் வருபவருக்காக ஒரு தொகையை முன்கூட்டியே வைப்பிட வேண்டும். குணமானால் ஊர்திரும்பும் செலவுக்கு. இறந்தால் அடக்கச் செலவுக்கு. கடுமையான விதியே எனினும், அக்காலத்தே வறியோருக்குக் கிடைத்த வேறு கதவு எது?

அவ்வைத்தியசாலையின் பெருஞ்சிறப்பு அதன் பதிவேடு. வெளியேறிய ஒவ்வொரு நோயாளரும் குணமடைந்தாரா, தேறினாரா, மாற்றமில்லையா, இறந்தாரா என்று எழுதிவைத்தனர். பெருமைக்குரிய வெற்றிகளோடு தோல்விகளையும் எழுதினர். அப்பதிவுகளில் ஒரு வகையினர் தனித்துத் தோன்றுகின்றனர். கைகால்கள் செயலற்றுத் தூக்கிவரப்பட்ட சாயம் பூசுவோரும், ஈயக்குழாய் வேலைசெய்வோரும், டெவன் பகுதியில் அப்பிள் மதுவருந்திய உழவரும் அவர்கள். 1767 இல் சேர் ஜோர்ஜ் பேக்கர் என்னும் வைத்தியர், டெவன் மக்களை வருத்திய கொடிய வயிற்றுவலிக்கும் வாதத்திற்கும் மது பிழியும் கருவிகளிலிருந்து கலந்த ஈயமே காரணமென நிறுவினார். இவ்வீய வாதக்காரருட் பெரும்பாலோர் பாத்திலே தேறினர். தூக்கிக் கொணரப்பட்டோர் நடந்து சென்றனர்.

இது வெறும் நம்பிக்கையா? இருநூறாண்டுகளின்பின், 1980 ஆம் ஆண்டுகளில், மருத்துவ ஆய்வாளர் அதே பாத் நகரில் மனிதரைக் கழுத்தளவு நீரில் இரண்டு மணிநேரம் அமர்த்தி அளந்து பார்த்தனர். உடலைச் சூழ்ந்த நீரின் பாரம் கால்களிலும் வயிற்றிலுமுள்ள குருதியை மார்பை நோக்கித் தள்ளுகின்றது. உடல் அதை மிகையான நீரென்று கொண்டு சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகின்றது, சிறுநீர் பெருகுகின்றது. ஈயத்தோடு தொழில்செய்வோரை இவ்வாறு அமர்த்திப் பார்த்தபோது சிறுநீருடன் ஈயமும் மிகுதியாக வெளியேறுவதைக் கண்டனர். வாரத்துக்குப் பன்முறை, மாதக்கணக்காக, கழுத்தளவு நீரில் அமர்ந்த அப்பழைய நோயாளருக்கு நிகழ்ந்தது இதுவே. அதனோடு அவர்கள் அம்மாதங்களில் ஈய வேலையினின்றும் மதுவினின்றும் விலகியிருந்தனர், ஒழுங்கான உணவு உண்டனர், ஓய்வு பெற்றனர்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வைத்தியர் குணத்தைச் சரியாகக் கண்டனர். காரணத்தைத் தவறாகக் கண்டனர். நீரிற் கரைந்த கந்தகமும் இரும்பும் தோலினூடே புகுந்து நோயைத் தீர்த்தன என்று அவர்கள் பெரும்பாலும் எண்ணினர். கழுத்தளவு அமரும்போது பாரத்தால் விளையும் பயனோ எந்த நல்ல வெந்நீரிலும் கிடைப்பது. அன்றியும், நீரில் உடலின் எடை குறைவதால் நோவுற்ற மூட்டு அசைய இடம்பெறும். இளஞ்சூட்டால் இறுகிய தசை தளரும். முழங்கால் வாதம் அடியோடு மாறாது. நோவு குறையும், அசைவு கூடும். வாளியால் ஊற்றிக்கொள்வதிற் சூட்டின் இதம் உண்டு. அமர்ந்து மூழ்குவதன் பயன் முழுதும் இல்லை. அந்த முதியவரைப் பற்றிய விடை இதுவே. அவருடைய நம்பிக்கை வெறிதன்று. அதற்கு ஓர் எல்லை உண்டு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியே. 1948 இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின், பாத்தின் நீர்ச் சிகிச்சை வைத்தியரின் சீட்டுடன் செல்லும் எவருக்கும் இலவசமாயிற்று. செல்வரும் வறியரும் ஒரே உரிமையோடு இறங்கிய காலம் அது. 1976 இல் அச்சிகிச்சை நிறுத்தப்பட்டது. 1978 இல் அவ்வூற்று நீர் நிறைந்த நீச்சற்குளத்தில் நீந்திய ஒரு சிறுமி, வெந்நீரில் வாழும் நுண்ணுயிர் மூளையைத் தாக்கியதால் இறந்தாள். குளங்கள் மூடப்பட்டன. பீப்சின் ஐயம் முந்நூற்றுப் பத்தாண்டுகளின்பின் ஓர் உயிரைக் கொண்டு உறுதியாயிற்று. பின்னர் ஆழத்திலிருந்தே தூய நீரைக் கொணரும் குழாய்க் கிணறு தோண்டினர். புதிய நீராடு மாளிகை 2006 இல் திறக்கப்பட்டது. உரோமரின் பெருங்குளத்தைக் காணலாம். அதில் இறங்குதல் ஆகாது.

புதிய மாளிகை இன்பத்துக்கும் ஓய்வுக்கும் உரியது. கட்டணம் செலுத்துவோர் செல்லலாம். பழைய தரும வைத்தியசாலை 2019 இல் வேறிடத்துக்கு மாறியது. வறியோருக்காக எழுப்பிய கட்டடம் விடுதி அமைக்கவென விற்கப்பட்டது. 2021 இல் யுனெஸ்கோ நிறுவனம் ஐரோப்பாவின் பதினொரு பெரும் வெந்நீர் நகரங்களை உலக மரபுரிமையாகப் பதிந்தபோது பாத்தும் அவற்றுள் ஒன்றாயிற்று. பெருமையான செய்தியே. எனினும், சாயம் பூசிக் கை செயலிழந்த ஒரு தொழிலாளி இன்று அந்நகருக்கு வந்தால், 1742 இல் அவனுக்குத் திறந்த கதவு அவ்விடத்தில் இல்லை.

ஓய்வு இழிந்ததென்று நான் கூறவில்லை. உழைத்துக் களைத்த உடம்பு வெந்நீரில் அமர்ந்து இளைப்பாறுதலும் நலமே. ஆனால் ஊற்றின் வரலாற்றில் நிலைத்த பயன் தந்தவை இரண்டு. ஒன்று, நோயாளரை வரிசையாக எழுதி, குணத்தையும் தோல்வியையும் ஒளியாது வைத்த அப்பதிவேடு. மற்றொன்று, நீரைத் தூய்மையாய்க் காத்தல் வேண்டும் என்னும் பாடம். அது ஒரு சிறுமியின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது. நமது வெந்நீர்க் கிணறுகளுக்கும் இவ்விரண்டும் பொருந்தும். அங்கு செல்வோர் கிணற்றுக்குள் அழுக்கை விடாது நீரை வெளியே அள்ளிக் குளித்தல் நன்று. மூக்கினுள் நீர் புகாமற் காத்தல் நன்று. இருதய நோயும் உயர்ந்த குருதியமுக்கமும் உடையோர் வைத்தியரைக் கேட்டே செல்லுதல் நன்று.

அம்மாணவி இப்பொழுது பாடசாலையை விட்டு நீங்கிவிட்டாள். எங்கிருந்தேனும் இப்பேச்சைக் கேட்கக்கூடும். கேட்டால், அன்று அவளுடைய ஐயா முழுமையாகச் சொல்லாத விடையை இன்று பெற்றுக்கொள்வாளாக.